கனவைக் கேட்ட டாக்டர்

ராஜா முகமதுவுக்கு இழுப்பு இருக்கிறது என்பது மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கே தெரியும். தெரியாதது மாதிரி நடந்துகொள்வதுதான் சந்தை அவருக்குக் கொடுத்த மரியாதை. மிளகு வியாபாரி மிளகுத் தூசியில் இருமினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளுவார், ஊதுவார், "இது மிளகா, மழையில நனைஞ்ச கோழியா? இன்னும் ரெண்டு வெயில் காட்டிக் கொண்டா சாமி" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரித்து முடிப்பதற்குள் குடோனுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரும்பி வரும்போது உதடு நீலம் பாரித்திருக்கும், ஆனால் வாயில் அடுத்த கேலி தயாராக இருக்கும். அந்தக் கேலிக்காகவே மலையின் மற்ற பகுதிகளான குண்டனி நாட்டிலிருந்தும் அரியூர் நாட்டிலிருந்தும் ஆட்கள் வேறு கடைகளைத் தாண்டி அவரிடம் வந்து மிளகு போட்டார்கள்.

சந்தைக்குக் கேலி, மனைவி தாஹிரா பீவிக்கு இழுப்பு. பங்கீடு அப்படித்தான் இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்ததும் அவர் நெஞ்சில் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். மெலிசாகப் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி தொடங்கி, விடியப் போகும் நேரத்தில் பழைய கதவு முனகுகிற மாதிரி ஆகும். மகள் நௌஷீன் பிறந்து, படித்து, திருச்சியில் வாழ்க்கைப்பட்டுப் போன அத்தனை வருஷமும் தாஹிரா அந்தச் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

இந்த வருஷம் மிளகுப் பறிப்பு மும்முரத்தில் அது நிற்கத்தான் பார்த்தது. குடோனில் வேலை பார்க்கும் மணிவண்ணன்தான் அவரைப் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வளைவு வளைவாக ஆரன் அடித்து இறங்கி, அடிவாரத்து ஊரில் இருக்கும் நுரையீரல் டாக்டர் கோகிலவாணியிடம் சேர்த்தான். அங்கே முகத்தில் மருந்துப் புகையைக் கட்டி, ஊசி போட்டு, மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

உயிர் வந்ததும் மனுஷனுக்கு வாயும் வந்துவிட்டது. டாக்டர் மூச்சோடு இழுக்கிற பம்பு எழுதப் போனதும், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மெடிக்கலில் அவராகவே வாங்கி, ஒளித்து ஒளித்து அடித்துக்கொண்டிருந்த நீல பம்பு ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதை டாக்டர் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். இது அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், அவ்வளவுதான் என்றார். உள்ளே இருக்கிற வீக்கம் அப்படியேதான் இருக்கும், இதையே நம்பி அடிக்கடி அடிக்கிறவர்கள்தான் ஒருநாள் திடீரென்று விழுகிறார்கள், இன்றைக்கு நீங்கள் விழுந்த மாதிரி. வீக்கத்தைக் குறைக்க வேறு பம்பு இருக்கிறது, அதைக் காலையும் மாலையும் நன்றாக இருக்கிற நாளிலும் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்றார்.

டாக்டர் கோகிலவாணி குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. ஒரே விஷயத்தைப் பொறுமையாக வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பவர். ராஜா முகமது அத்தனை விதத்துக்கும் தலையை ஆட்டிவிட்டு, பம்பு பழகினால் விட முடியாதாமே என்றார். ஸ்டீராய்டு எலும்பைத் தின்றுவிடுமாமே என்றார். பம்பில் போவது துளியூண்டு, அது நெஞ்சோடு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் உண்மையைச் சொன்னார்.

"சந்தையில நின்னு பம்பு அடிச்சா எனக்கு யாருங்க மிளகு போடுவா? இவன் இன்னிக்கோ நாளைக்கோன்னு பேசிக்குவாங்க. மாத்திரையாக் குடுத்துருங்க, சத்தமில்லாம முழுங்கிக்கறேன்."

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார், பம்பையும் சேர்த்து எழுதினார். எழுதி முடித்த பேனாவை மூடாமலே சொன்னார்.

"இந்த மாத்திரை நெறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. ஒரு சிலருக்கு மட்டும் மனசைப் பாதிக்கும். கெட்ட கனவு வரும், காரணமில்லாம கோவம் வரும், எதுக்கு இருக்கணும்னு தோணும். அப்படி எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு உடனே எங்கிட்ட வரணும். சின்ன விஷயம்னு மறைக்கக் கூடாது." பிறகு, பின்னாலேயே ஓடி வந்திருந்த தாஹிராவின் பக்கம் திரும்பினார். "நீங்கதாம்மா பார்த்துக்கணும். மாறுறது அவருக்கே தெரியாது."

கனவுக்கு மாத்திரை எதற்கு, இவள் வைக்கிற ரசமே போதும் என்றார் ராஜா முகமது. தாஹிரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். புருஷன் பிழைத்துக் கிடந்த சந்தோஷத்தில் அவள் எதற்கு வேண்டுமானாலும் சிரித்திருப்பாள். டாக்டர் சிரிக்கவில்லை.

பம்பு வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குள் போனது. மாத்திரை மட்டும் தலைமாட்டுக்கு வந்தது. போட்ட சில நாளிலேயே வேலையைக் காட்டியது. ஒரு ராத்திரி தாஹிரா திடுக்கிட்டு விழித்தாள். சத்தமே இல்லை. பதறிப் போய் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக, சூடாக வந்துகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் படுத்தவள், விடிகாலை சுபுஹு பாங்கு சொன்னதுகூடக் கேட்காமல் தூங்கினாள். அதன்பின் ராத்திரி என்றாலே அவளுக்கு ஆசை வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மறைந்தது. கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாயே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்த நல்ல தூக்கத்தின் ஓரத்தில்தான் முதல் தடவை அதைக் கவனித்தாள். அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். எதையோ ஓதினார். இடது பக்கம் திரும்பி மூன்று தடவை துப்புகிற மாதிரி லேசாக ஊதினார். பிறகு மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஓதப் போன சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம். நல்ல கனவு வந்தால் பிரியமானவர்களிடம் சொல்லலாம். கெட்ட கனவு வந்தால் அது ஷைத்தானின் வேலை, இடது பக்கம் துப்பி, பாதுகாப்புத் தேடி, புரண்டு படுக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லாதவரை அது ஒன்றும் செய்யாது. பக்கத்தில் படுத்திருப்பவர் கேட்கவும் கூடாது. கேட்டால் சொல்ல வைத்த பாவம் நமக்கு.

அந்தப் பாடத்தில் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ வீண் பயம் அந்த மூன்று ஊதலில் பறந்துபோயிருக்கிறது. அது மனுஷனுக்குத் தானாக வருகிற கனவுக்குச் சொன்னது. மாத்திரை கொண்டுவருகிற கனவையும் இவர்கள் அதே முடிச்சில் சேர்த்துக் கட்டினார்கள், அங்கேதான் தவறிவிட்டது. டாக்டர் சொன்னது தாஹிராவுக்கு மறக்கவில்லை. ஆனால் டாக்டர் சொன்ன கனவும் இதுவும் ஒன்றுதான் என்று அவள் மனசு முழுசாகச் சேர்த்துப் பார்க்க மறுத்தது. சேர்த்துப் பார்த்தால் மாத்திரை போய்விடும். மாத்திரை போனால் அந்தச் சத்தம் திரும்பி வந்துவிடும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அந்த ஊதல் அடிக்கடி கேட்டது. பிறகு தினமும் கேட்டது.

கேலி முதலில் போயிற்று. சந்தையில் மூட்டையைப் பிரித்து, பார்த்து, விலையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்று மணிவண்ணன் வந்து வருத்தப்பட்டான். சாக்குக் கட்டு சரிந்ததற்கு அவனை அடிக்கக் கை ஓங்கினாராம், ஓங்கிய கையைத் தானே பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். இருபது வருஷப் பழக்கத்தில் அவனை ஒரு அதட்டல் அதட்டியவர் இல்லை. தாஹிரா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, வியாபாரக் கவலையாக இருக்கும் என்று சமாளித்தாள்.

பிறகு வீட்டிலிருந்து சாமான்கள் காணாமல் போயின. கோணி ஊசி முதலில் போனது, குடோனில் இருக்கட்டும் என்றார். கொல்லையில் செருகியிருந்த அரிவாளைச் சாணை பிடிக்க எடுத்துப் போனார், திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒருநாள் காலையில் அரிவாள்மனையும் இல்லை. கேட்டதற்கு, பல் போய்விட்டது, புதுசு வாங்கித் தருகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். வாங்கித் தரவில்லை. காய் நறுக்கும் சின்னக் கத்திகூடப் போய்விட்டது. அவள் அவரைக்காயைக் கையால் ஒடித்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். வெங்காயத்தை அம்மியில் வைத்துத் தட்டினாள். வீட்டில் இருக்கிற கூரானதையெல்லாம் ஒரு மனுஷன் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து வைக்கிறான் என்றால் எதற்காக என்று அவளால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. யோசித்தால் உட்கார முடியவில்லை.

வண்டியிலும் ஏற்றுவதில்லை. எங்கே போவதென்றாலும் முன் சீட்டில் அவளை உட்கார வைத்துக் கதை பேசிக்கொண்டு போகிறவர், நீ பஸ்ஸில் வா என்றார். திருச்சிக்குப் போய் நௌஷீனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாயேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு குடோனிலேயே படுத்துக்கொள்ளப் போய்விட்டார். மிளகுக்குக் காவல் என்று சாக்கு. காலிச் சாக்குகளுக்கு என்ன காவல்? என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா என்று நினைத்தாள். வேறு எவளாவது வந்துவிட்டாளா என்றும் நினைத்தாள். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றிய அன்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அவர் அவளைப் பார்க்கிற பார்வையில் வெறுப்பு இல்லை. கடன்காரனைக் கண்டவன் மாதிரி, அவளைக் கண்டால் ஒதுங்கினார்.

இதற்கு நடுவில்தான் டாக்டரிடம் மறுபடி காட்டப் போனார்கள். அவர் வண்டியில் போனார், அவள் பஸ்ஸில் போனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, ஊதச் சொல்லிப் பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார். பம்பு எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு ராஜா முகமது கூசாமல் ஆமாம் என்றார். பிறகு டாக்டர் காதிலிருந்த குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"தூக்கம் எப்படி? கனவு ஏதாவது தொந்தரவு பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் தாஹிராவைப் பார்த்தார். அந்தப் பார்வை அவள் முகத்தில் நின்றது. சொல்லிவிடு என்று ஒரு மனசு சொன்னது. ஊதல், அரிவாள்மனை, குடோன் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. பக்கத்தில் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. சொன்னால் டாக்டர் என்ன கனவு என்று கேட்பார், அவர் சொல்ல வேண்டி வரும், சொல்லிவிட்டால் அது தலைக்கு மேலே வந்து நின்றுகொள்ளும். அதோடு, நெஞ்சு இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரே சொன்னார் இல்லையா?

"நல்லாத் தூங்கறாருங்க," என்றாள்.

தூங்கியது அவள். ஆனால் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவளுக்கும் தூக்கம் போய்விட்டது. எந்தச் சத்தமும் இல்லாத வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, குடோன் பக்கம் காதை வைத்தபடி கிடந்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒருநாள் அடிவாரத்து மண்டபத்தில் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். தாஹிரா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வா என்று அவர் வண்டியைக் கிளப்பினார். அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஊர் பார்க்கிற மாதிரி என்னைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நீங்கள் தனியாக வந்து இறங்கினால் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்றாள். வண்டி கிளம்பியது.

முதல் சில வளைவுகள் சாதாரணமாகத்தான் போயின. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கப்பால் மரங்களின் தலைகள். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஓதுகிறார் என்று புரிந்தது. ஒரு வளைவில் எதிரே எந்த வண்டியும் வராமலே பிரேக்கை அமுக்கினார். வண்டி சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"எறங்கு."

"ஏனுங்க, என்னாச்சு?"

"எறங்கிரு தாஹிரா. சொன்னாக் கேளு. எறங்கு."

அடிக்கப் போகிறவரின் குரல் இல்லை அது. அவருடைய கண்ணில் தண்ணீர் இருந்தது. அவள் இறங்கினாள். கதவைச் சாத்தக்கூட இல்லை, வண்டி கிளம்பி அடுத்த வளைவில் மறைந்துவிட்டது.

பட்டுச்சேலையோடு மலைரோட்டில் நின்றாள். குரங்குகள் சுவர்மேல் உட்கார்ந்து அவளைப் பார்த்தன. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் அவர் கோபத்தில் விலகவில்லை, பயத்தில் விலகியிருக்கிறார். எதைக் கண்டு இப்படி ஒரு பயம்? போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. எதுக்கு இருக்கணும்னு தோணும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பஸ் வந்தபோது ஓடிப்போய் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை. வலதும் இடதுமாக மாறி மாறிப் பள்ளம் வருகிற பக்கமெல்லாம் எழுந்து ஓடிப்போய் ஜன்னலில் முகத்தை வைத்தாள். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவரைப் பார்த்தாள். எங்காவது உடைந்திருக்கிறதா, புதுசாகக் கல் சரிந்திருக்கிறதா, கீழே மரக்கிளைகளுக்கு நடுவில் வெள்ளையாக வண்டி மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். நான் சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று இடம் விட்டு நகர்ந்தார்கள். கடைசி வளைவு முடிந்து சமதளம் வந்தபோதுதான் அவள் சீட்டில் உட்கார்ந்தாள். சுவர் எங்கும் உடைந்திருக்கவில்லை.

மண்டபத்துக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனாள். கிளினிக் வாசலில் அவருடைய வண்டி கோணலாக நின்றிருந்தது. உள்ளே வராந்தா பெஞ்சின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு. அவர் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த நிமிஷம் அவளுக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அந்தக் கோடிக்கு நகர்ந்தார்.

"உள்ள போக முடியல," என்றார் தரையைப் பார்த்து. "போனாச் சொல்லோணும்."

அவள் எழுந்தாள். டோக்கனோடு காத்திருந்தவர்கள் கத்தியதைக் காதில் வாங்காமல் டாக்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"அவருக்குக் கனவு வருதுங்க. மொதல்லேருந்தே வருது. போன தடவை நீங்க கேட்டப்ப நான் சொன்னது பொய்யிங்க," என்றாள். குடோன், அரிவாள்மனை, இன்று மலைரோட்டில் நடந்தது என எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். பாதியிலேயே டாக்டர் எழுந்துவிட்டார். அவரே வராந்தாவுக்குப் போய், ராஜா முகமதுவின் தோளைத் தொட்டு, கூட்டிக்கொண்டு வந்தார்.

இவள் வெளியே இருந்தால் பேசுகிறேன் என்றார் அவர். தாஹிரா வெளியே போனாள், கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவர் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. நடுவில் ஒருமுறை அந்தக் குரல் உடைந்தது. கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டபோது ராஜா முகமது முகத்தைக் கழுவிக்கொண்டு, தலை குனிந்து இருந்தார். டாக்டர் தாஹிராவை உட்கார வைத்தார்.

"கனவுல என்ன வந்துச்சுங்கறது அவரோடது. அதை நான் சொல்ல மாட்டேன். அது அவரோட ஆசை இல்ல, அவரோட குணமும் இல்ல. மாத்திரைதான் காரணம்னு நெனைக்கிறேன். இன்னியோட நிறுத்தியாச்சு. பெரும்பாலும் நின்னுடும், சிலருக்குக் கொஞ்ச நாள் இழுக்கும். பம்பை ஒழுங்கா எடுக்கணும். மனநல டாக்டர் ஒருத்தர்கிட்ட இப்பவே போன்ல பேசிட்டேன், நாளைக்குக் காலையில அங்க போறீங்க. அதுவரைக்கும் அவர் வண்டி ஓட்டக் கூடாது. ஒரு நிமிஷம்கூடத் தனியா இருக்கக் கூடாது. கூட யாரு இருப்பீங்க?"

"நாந்தானுங்க, வேற யாரு."

"இவ வேண்டாங்க," என்றார் ராஜா முகமது. தலையைத் தூக்கவில்லை. "மணிவண்ணன் இருக்கட்டும். யாரு வேணா இருக்கட்டும். இவ மட்டும் வேண்டாம்."

தாஹிராவுக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. கனவில் செத்தது யார் என்று விளங்கியது. யார் கையால் என்றும் விளங்கியது. அரிவாளும் அரிவாள்மனையும் சின்னக் கத்தியும் ஏன் போயின, படுக்கை ஏன் போயிற்று, முன் சீட்டு ஏன் போயிற்று என்று ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. தினமும் அவளைத் தன் கையிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இன்று அந்த வளைவில் அவளை இறக்கிவிட்டு, தான் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று கிளம்பியவர், எந்த வளைவிலோ மனசு மாறி இந்தப் பெஞ்சுக்கு வந்திருக்கிறார்.

பயந்தாள், நன்றாகவே பயந்தாள். மணிவண்ணன் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள்.

"எப்பருந்துங்க?" என்று கேட்டாள்.

"மாத்திரை போட்ட மொத வாரத்துலருந்து," என்றார் அவர். "நீ அப்பத்தான் தூங்க ஆரம்பிச்சே. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் தூங்கறே. அதைக் கெடுக்க மனசு வரல."

தாஹிரா முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார், அவள் குடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணிவண்ணனும் இருப்பான், நானும் இருப்பேன், இரண்டு பேருமே இருக்கிறோம் என்று டாக்டரிடம் சொன்னாள். இரண்டு பேர் இருப்பது நல்லதுதான் என்றார் டாக்டர். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று தன் நம்பரை அவள் போனில் அவரே போட்டுக் கொடுத்தார்.

"உனக்குப் பயமா இல்லியா?" என்றார் ராஜா முகமது. இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"பயமாத்தான் இருக்குது. இத்தனை நாளு நீங்க ஒருத்தரே பயந்துக்கிட்டுக் கெடந்தீங்க. இனி ரெண்டு பேருமாப் பயப்படுவோம். எந்திரிங்க, போலாம்."

மணிவண்ணன் பஸ் பிடித்து இறங்கி வந்து சாவியை வாங்கிக்கொண்டான். ராஜா முகமது முன்னால் ஏற மாட்டேன் என்றார். அவளைக் கதவோரம் வைத்து அந்த வளைவுகளில் பக்கத்தில் உட்கார முடியாது என்று வாயால் சொல்லவில்லை, பின்பக்கம் திறந்த பெட்டியில் ஏறிக் காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்துகொண்டார். தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், பெட்டியில் இருப்பதும் தனியாக இருப்பதுதான். தாஹிரா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து அவளும் பின்னால் ஏறினாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

மலை ஏற ஏறக் குளிர்ந்தது. வெயில் சாய்ந்து பள்ளத்துப் பக்கம் பனி மூடியது. சாக்கில் ஒட்டியிருந்த மிளகுத் தூசி காற்றில் பறந்தது. அவர் இருமினார், சாக்கைத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது அவர் கை இறுகியது, அவள் கையும் இறுகியது. களைப்பில் அவர் கண் செருகியது. செருகிய வேகத்திலேயே திடுக்கிட்டுத் திறந்து, தூங்கிவிட்டேனா என்று அவளிடம் கேட்டார். இல்லை என்றாள். என்னைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள் என்றார். சோளக்காட்டு விளக்குகள் தெரிகிறவரைக்கும் அவர் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார், அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.